நாகமலையில் பட்டு வந்த படம்

சதுரம் சதுரமாக உடைந்த ஒரு நெற்றி. உரக்கடை அண்ணனை டீச்சர் வீட்டுத் திரையில் நான் முதன்முதலாகப் பார்த்தது அப்படித்தான். ஒரு புருவம், அதற்கு மேலே பாதித் திருநீறு, மற்ற இடமெல்லாம் பச்சையும் ஊதாவுமாகக் கட்டங்கள். படம் அசையாமல் அப்படியே நின்றுவிட்டது. கே.கே. நகரில் ஒரு மாடி வீட்டின் சின்ன அறை அது. டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் புருவத்தையே பார்த்தார். "வந்துருச்சு" என்றார். "என்ன டீச்சர் வந்துச்சு, பாதி நெத்திதான வந்திருக்கு" என்றேன். "நெத்தி வந்துச்சுன்னா மிச்ச மனுஷனும் வருவாருல்ல. எங்க போயிருவாரு?" என்றார்.

மிச்ச மனுஷன் லேசில் வந்துவிடவில்லை.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் எடுத்து ஓய்வு பெற்றவர். உரக்கடை அண்ணன் திருமங்கலத்தில் பஸ் போகும் ரோட்டிலேயே உரமும் விதையும் விற்கிறவர். இரண்டு பேருக்கும் உறவில்லை, சாதி சனம் என்று எதுவும் இல்லை. இரண்டு பேரிடமும் ஹாம் ரேடியோ லைசென்ஸ் இருந்தது. பரீட்சை எழுதி, அரசாங்கத்திடம் அனுமதி வாங்கி, வீட்டிலேயே கருவி வைத்து மற்ற லைசென்ஸ்காரர்களோடு பேசிக்கொள்ளும் பொழுதுபோக்கு அது. காலையில் காப்பி குடித்த கையோடு டீச்சர் மைக்கை எடுப்பார். திருமங்கலத்திலிருந்து அண்ணன் பதில் சொல்வார். மழை, விலைவாசி, எந்த ஸ்டேஷன் எப்படிக் கேட்கிறது, யார் வீட்டு ஆன்டெனாவில் காக்கா கூடு கட்டியிருக்கிறது, இதுதான் பேச்சு. எத்தனையோ வருஷமாக நடந்தது. நேரில் அவர்கள் சந்தித்தது கல்யாணம் காட்சிகளில் மட்டும்தான்.

நான் இதற்குள் வந்தது கம்பம் ஏறுகிறவனாக. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு ஊரை விட்டும் கிளம்பியவன் நான். லாரியில் கிளீனர், திருப்பூரில் சாயப்பட்டறை, சூரத்தில் தறி, அப்புறம் கொஞ்ச காலம் செல்போன் டவர் ஏறும் வேலை. அந்த வேலையில் கீழே விழுந்து வலது காலில் கம்பி வைத்திருக்கிறது. கம்பி வைத்த காலோடு ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜில் ஒரு கட்டிலை மட்டும் வாடகைக்குப் பிடித்துத் தங்கிக்கொண்டு, வீடுகளுக்கு டிஷ் மாட்டிக்கொண்டிருந்தேன். டீச்சர் வீட்டு எதிர்வீட்டில் டிஷ் மாட்டும்போது அவர் மொட்டை மாடியிலிருந்து கூப்பிட்டார். "தம்பி, அந்தக் காலோட ஏறுறீங்களே, பயமா இல்லையா?" "ஏறும்போது பயமில்லம்மா, எறங்கும்போதுதான்" என்றேன். அடுத்த நாளிலிருந்து அவர் ஆன்டெனாக்களுக்கு நான்தான் ஆள். பிடித்துப்போய் இருந்தேன் என்று சொல்ல முடியாது. எங்கும் அதிக நாள் இருக்கிற வழக்கம் எனக்கு இல்லை. வேலை சுவாரஸ்யமாக இருந்தது, இருந்தேன்.

அண்ணனுக்குத் தொண்டையில் கட்டி வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தார். கழுத்தின் அடியில் மூச்சுக்கு ஒரு துவாரம், அதன்மேல் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு. தொண்டையில் வைத்து அழுத்தினால் பேச்சு மாதிரி ஒரு சத்தம் வரும் சின்ன மெஷின் ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்தார்களாம். ஊருக்கு வந்ததும் அண்ணன் ஆசையாக அதை வைத்துக்கொண்டு மைக்கில் பேசியிருக்கிறார். எங்கேயோ தூரத்து ஊரிலிருந்து ஒருவர் குறுக்கே வந்து, "யாருங்க அது, மிஷின வச்சு வெளையாடுறது? பெரியவங்க பேசுற எடத்துல இந்தச் சேட்டையெல்லாம் வேண்டாம், ஒதுங்குங்க" என்று சொல்லிவிட்டார். டீச்சர் அன்றைக்கு அந்த ஆளைக் கிழித்துத் தோரணம் கட்டினார் என்று கேள்வி. அவரும் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாராம். அண்ணன் அதையெல்லாம் கேட்கவில்லை. அதற்கு முன்பே கருவியை அணைத்திருந்தார். மெஷினைப் பூச்சிமருந்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"மோர்ஸ்ல டிக்கு டிக்குன்னு அடிக்கலாமே டீச்சர்" என்று நான் கேட்டேன். "பரீட்சைக்காகப் படிச்சாரு, பரீட்சையோட மறந்துட்டாரு. கேட்டா சிரிப்பாரு." கம்ப்யூட்டரில் எழுத்தாக அனுப்பும் முறைகளும் இருந்தன. அதற்கு அண்ணன் தாளில் எழுதிக் கொடுத்த பதில்: டைப் அடிக்கிறதுக்கு எனக்கு ரேடியோ எதுக்கு? போனில் முகம் பார்த்துப் பேசுவதும் வேண்டாம் என்றுவிட்டார். சொந்தக்காரர்கள் போனில் கூப்பிட்டு, துண்டைப் பார்த்து அழுதார்கள். அழாதவர்கள் காது கேளாதவரிடம் பேசுவது போலக் கத்தினார்கள். "தொண்டதான் போச்சு, காது நல்லாருக்கு" என்று எழுதிக் காட்டிக் காட்டி அலுத்துப்போய் போனை மகனிடமே கொடுத்துவிட்டார்.

கடைசியில் அவர் ஒரு முடிவு சொன்னார். விருதுநகர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பிள்ளைகள் ரேடியோ கிளப் ஆரம்பிக்கிறார்களாம். கருவி, ஆன்டெனா, வயர் எல்லாவற்றையும் அவர்களுக்குக் கொடுத்துவிடப் போகிறேன், லைசென்ஸையும் இனிமேல் வைத்துக்கொள்ளப் போவதில்லை என்றார். டீச்சர் பஸ்ஸேறித் திருமங்கலம் போனார். கடை வாசலில் உர மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, "காத்து வழியா உங்க மூஞ்சி எங்க வீட்டுக்கு வரணும். நான் வாயால பேசுறேன், நீங்க பலகையில எழுதிக் காட்டுங்க. பொங்கலுக்குள்ள வரலைன்னா நானே வண்டி வச்சு எல்லாத்தையும் காலேஜுக்கு அனுப்புறேன்" என்றார். அண்ணன் விலை எழுதிப் போடும் சின்னக் கரும்பலகையில் எழுதினார்: சரி. பொங்கல் முடிஞ்ச ஞாயிறு ஆள் வரச்சொல்லுவேன்.

டீச்சருக்கு இதில் என்ன போயிற்று என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. பேச அவருக்கு ஆளா இல்லை? மகள் பெங்களூரிலிருந்து தினமும் கூப்பிடுகிறாள். ஆனால் காலையில் நான் வேலைக்குப் போகும்போது, காப்பி டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த அலைவரிசையைத் திறந்து வைத்துச் சும்மா உட்கார்ந்திருப்பார். வெறும் இரைச்சல். அதை ஏன் கேட்கிறீர்கள் என்று நான் கேட்டதில்லை.

படம் அனுப்புவது என்றால் இரண்டு ஊருக்கும் நடுவில் முதல் தடை திருப்பரங்குன்றம். வரைபடத்தில் கே.கே. நகரிலிருந்து திருமங்கலத்துக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது மலைமேலேயே போகிறது. பேச்சு எப்படியோ மலையை ஒட்டி வளைந்து போய்விடும், படத்துக்கு அந்த வலு போதாது. அதனால் டீச்சர் வேறு வழி எடுத்தார். மேற்கே நாகமலை மதில் மாதிரி நீளமாகக் கிடக்கிறது. இங்கிருந்து ஆன்டெனாவை மேற்கே நாகமலைக்குத் திருப்பு, திருமங்கலத்தில் இருக்கும் ஆன்டெனாவை வடக்கே நாகமலைக்குத் திருப்பு, பாறையில் பட்டுத் திரும்பி வருவதைப் பிடிக்கலாம் என்றார். இரண்டு ஆன்டெனாவும் ஒன்றையொன்று பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. "புருஷன் பொண்டாட்டி சண்ட மாதிரில்ல இருக்கு" என்றேன். "அப்படி நின்னாத்தான் பேச்சு வார்த்த நடக்கும் சில வீட்டுல" என்றார்.

இரண்டு முறைகளில் எதில் அனுப்புவது என்பதுதான் பெரிய கேள்வி. ஒன்று, வீட்டு டிஷ்ஷுக்கு வானத்திலிருந்து படம் வருகிற முறை. இன்னொன்று, தரையிலிருக்கும் டவரிலிருந்து வீட்டு ஆன்டெனாவுக்கு அனுப்புகிற முறை. லாரியில் இருந்தவனாதலால் எனக்கு அது இப்படித்தான் மனதில் தங்கியது. டிஷ் முறை, மொத்தச் சரக்கையும் ஒரே லாரியில் ஏற்றி வேகமாக விடுவது. தரை முறை, அதே சரக்கை நூற்றுக்கணக்கான சைக்கிள்களில் பிரித்துக் கட்டி மெதுவாக விடுவது. ரோடு ஒன்றே ஒன்று, நேரான ரோடு என்றால் லாரிதான் நல்லது. ஆனால் மலையில் பட்டு வருவது ஒரே ரோடு இல்லை. பாறையின் இந்த இடத்தில் பட்டது கொஞ்சம் முன்னே வரும், அந்த இடத்தில் பட்டது கொஞ்சம் பின்னே வரும். முன்னால் போகிற லாரிமேல் பின்னால் வருவது மோதும். சைக்கிள்கள் மெதுவாகப் போவதால் கொஞ்சம் முன்னே பின்னே வந்தாலும் பாதகமில்லை, இறக்குகிறவன் சமாளித்துக்கொள்வான். படித்தவர்கள் இதை வேறு மாதிரி சொல்வார்கள். டீச்சரிடம் சொன்னபோது, "தப்பில்ல, வச்சுக்கங்க" என்றார்.

அந்தக் கணக்குப்படி தரை முறைதான் ஜெயித்திருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். டிஷ் முறையில் அந்தப் பாதி நெற்றி வந்தது. அதற்கப்புறம் ஒரு நாள் காது வந்தது, ஒரு நாள் கடையில் தொங்கும் காலண்டர் வந்தது. பழைய காலத்து டிவியென்றால் சிக்னல் குறையக் குறையப் புள்ளி புள்ளியாக இரைந்து, அந்த இரைச்சலுக்குள்ளும் ஆள் இருப்பது தெரியும். இதில் அந்தப் பேச்சே இல்லை. ஒன்று முழுசாக வரும், இல்லையென்றால் உடைந்து நின்றுவிடும். தரை முறையிலோ உடைந்த படம்கூட வரவில்லை. கறுப்புத் திரை. ஏதோ வந்து சேருகிறது என்று கருவி காட்டும், படம் மட்டும் இருக்காது. டீச்சர் புத்தகங்களைப் பார்த்தார், வெளிநாட்டு ஹாம்களுக்கு மெயில் போட்டார். மார்கழி முழுக்க டிஷ் முறையையே நோண்டிக்கொண்டிருந்தார். நான் இரண்டு ஊருக்கும் பஸ்ஸில் போய் வந்து ஆன்டெனாவை ஒரு விரல் இந்தப் பக்கம், ஒரு விரல் அந்தப் பக்கம் என்று திருப்பிக்கொண்டிருந்தேன்.

திருமங்கலத்தில், கேமராவும் கம்ப்யூட்டரும் வைத்திருந்த கடையில், அண்ணனோடு உட்கார்ந்து சோதனை செய்வது ஒரு கூத்து. லைசென்ஸ் இல்லாதவன் மைக்கில் பேசக்கூடாது என்பதில் டீச்சர் ரொம்பக் கண்டிப்பு. லைசென்ஸ் உள்ளவருக்கோ பேச்சு இல்லை. பேச்சு உள்ள எனக்கு லைசென்ஸ் இல்லை. ஒரே அறையில் இரண்டு பேரும் மைக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது. "போன்ல கேட்டு கேட்டுப் பண்றதுக்குப் பேரு டெஸ்ட்டா? ஆபத்துன்னாத்தான் போன்" என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஆகவே டீச்சர் குரலில் கேட்பார், அண்ணன் மைக் பொத்தானை அழுத்தி விடுவார். ஒரு க்ளிக் என்றால் ஆமாம், இரண்டு க்ளிக் என்றால் இல்லை.

"ஆன்டெனா நாகமலையப் பாக்குதா? ஓவர்." க்ளிக்.

"வயர்லாம் டைட்டா இருக்கா? ஓவர்." க்ளிக்.

"அங்க ஒருத்தன் இருப்பானே, அவன் சாப்ட்டானா? ஓவர்." க்ளிக் க்ளிக். உடனே அண்ணன் கல்லாவுக்குள் கைவிட்டு எனக்கு ஒரு கடலை மிட்டாய் எடுத்துத் தருவார்.

ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வியைத்தான் அவரால் கேட்க முடிந்தது. எவ்வளவு என்ற கேள்விக்கு க்ளிக்கில் பதில் கிடையாது. அதில்தான் தவறு ஒளிந்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

பொங்கல் வந்தது, போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லூரிக்காரர்கள் வருவதாகப் போன் செய்துவிட்டார்கள். சனிக்கிழமை மத்தியானம் நான் போனபோது அண்ணன் ஏற்கனவே ரேடியோக் கருவிக்கான பழைய அட்டைப் பெட்டியைத் தேடி எடுத்துத் தூசி தட்டி வைத்திருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. வியாபாரம் முடிந்து ஷட்டர் இறக்கப் போகிறவர் மாதிரி இருந்தார். பலகையில் எழுதினார்: இன்னிக்கு சாயந்தரம் வரைக்கும் பாப்போம். டீச்சர் மனசு கோணக்கூடாது.

டீச்சர் குரல் வந்தது. "அண்ணே, இன்னைக்கு டிஷ் முறை வேண்டாம். அத எம்புட்டுத்தான் நோண்டுறது. தரை முறையில போட்டு விட்டுருங்க. வந்தா வருது, வரலைன்னா... வரல. ஓவர்."

அண்ணன் ஒரு க்ளிக் கொடுத்துவிட்டுப் பவர் பெருக்கும் பெட்டியைப் போட்டார். அதன் முன்பக்கத்தில் ஊசி வைத்த மீட்டர் ஒன்று இருந்தது. அந்த ஊசி வலது ஓரத்தில் போய் முட்டினால்தான் அவருக்கு நிம்மதி. குரலில் பேசிய காலத்துப் பழக்கம் அது. இருக்கிற பவரையெல்லாம் பிழிந்து விட்டால்தான் எட்டும் என்று இத்தனை வருஷமும் பேசி ஜெயித்தவர். திருமங்கலத்தில் உட்கார்ந்துகொண்டு இலங்கைக்காரர்களோடு பேசியதெல்லாம் அந்த ஊசியை முட்ட வைத்துத்தான். அன்றும் முட்ட வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் பக்கத்து வீட்டு அக்கா வந்து நின்றார். கையில் ஒரு காலிங் பெல். வயர் இல்லாமல் வேலை செய்யும் மலிவான பெல், குருவி கத்துவது போல் கத்தும்.

"அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். மகளுக்குப் பிள்ளை பொறந்து இன்னும் முப்பது கழிக்கல. பச்சப்புள்ள இப்பத்தான் கண்ண மூடுது, இந்தச் சனியன் கீக்கீன்னு கத்துது. போயி கதவத் தெறந்தா ஒரு ஈ காக்கா இல்ல. பேயோ பிசாசோன்னு எங்க மாமியா வேற வேப்பிலைய எடுத்துக்கிட்டு வாரா. நான் கவனிச்சேன், நீங்க பெட்டிய ஆன் பண்ணும்போதுதான் கத்துது."

"அக்கா, இத்தன நாளா பெட்டி ஓடிக்கிட்டுத்தான இருக்கு" என்றேன்.

"இத்தன நாளா எப்பவாச்சும் கத்தும், பொறுத்துக்கிட்டேன். இன்னிக்கு விடாமக் கத்துதே தம்பி. இந்தா, நீயே கேளு." அவர் சொல்லி முடிப்பதற்குள் கையிலிருந்த பெல் கத்தியது. அண்ணன் சிரித்துவிட்டார். சத்தம் வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கும்.

"பேட்டரியக் கழட்டிருங்களேன் அக்கா" என்றேன்.

"ஏன், புள்ளையப் பாக்க வாரவுக சுவரேறிக் குதிச்சு வரணுமா? நீ உன் பெட்டியக் கம்மி பண்ணுறியா, இல்ல நான் எங்க மாமியாள இங்க அனுப்பவா?"

அண்ணன் பலகையில் எழுதினார்: கம்மி பண்ணு. என்னிடம் ஒரு கையசைப்பு, போதும் விடு என்பது போல. எப்படியும் கடைசி நாள், பச்சைப் பிள்ளை தூங்கட்டும் என்பது அதற்கு அர்த்தம். நான் கம்ப்யூட்டரில் பவர் அளவைக் கீழே இழுத்தேன். பெல் கத்தியது. இன்னும் இழுத்தேன். கத்தியது. பாதிக்கும் கீழே, ஊசி மீட்டரின் இடது பக்கத்தில் தூங்கி விழும் அளவுக்கு வந்த பிறகு பெல் அடங்கியது. அக்கா காதருகே வைத்துப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார். "நல்லாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். முழு பவரில் வராத படம் கால் பவரில் வரப்போவதில்லை. கேமரா பாட்டுக்கு எதிரே ஓடிக்கொண்டிருந்தது. பலகையை மேசைமேல் சாத்தி வைத்தார். அன்றைக்கெல்லாம் புழுக்கம். கழுத்தில் துண்டு நனைந்திருந்தது. அதை எடுத்து உதறி மடியில் போட்டுவிட்டு, ஒரு மெல்லிய துணியால் துவாரத்தைச் சுற்றித் துடைக்க ஆரம்பித்தார். நான் இரண்டு மாதமாக அவரோடு உட்கார்ந்திருக்கிறேன், அன்றுதான் அதைப் பார்த்தேன். மூச்சு இழுக்கும்போது உள்ளே போய், விடும்போது வெளியே வந்தது தோல். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ரேடியோவில் டீச்சர் குரல் வந்தது.

"அண்ணே, யூரியா ஸ்டாக் இல்லைன்னு போட்டிருக்கீங்களே. டிஏபியாச்சும் இருக்கா? ஓவர்."

எனக்குப் புரியவில்லை. அண்ணன் பலகையைப் பார்த்தார். அவர் சாத்தி வைத்தபோது பலகையின் மறுபக்கம் கேமராவைப் பார்த்து இருந்தது. அதில் கடைக்கு வருகிறவர்களுக்காக என்றைக்கோ எழுதிப் போட்டது அப்படியே இருந்தது: யூரியா ஸ்டாக் இல்லை.

அவர் கை தன்னால் மடியிலிருந்த துண்டுக்குப் போனது. பலகை தெரிந்தால் கழுத்தும் தெரியும். டீச்சர் கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சொல்லுங்கண்ணே, மாடியில ரோஜாச் செடி வச்சிருக்கேன். அதுக்கு டிஏபி போடலாமா? ஓவர்" என்றார். காலையில் காப்பியோடு பேசுகிற அதே குரல். 

அண்ணன் துண்டைக் கையில் எடுத்தார். பிறகு அதை மடித்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். பலகையைத் திருப்பி, கையால் அழித்து, எழுதினார்: போடாதீங்க. கருகிப் போகும். மண்புழு உரம் போடுங்க. எழுதியதைக் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அந்தப் பக்கம் டீச்சர் ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். "கருகிப்... போகும். மண்புழு உரம். சரிண்ணே. ஓவர்." அண்ணன் எழுதிக்கொண்டே போனார். எழுதிய சாக்பீஸ் தூளெல்லாம் மூடாத கழுத்தில் படுகிறதே என்று எனக்குப் பயமாக இருந்தது, நான்தான் விசிறியைத் திருப்பி வைத்தேன்.

நடந்தது என்ன என்று டீச்சர் மறுநாள் சொன்னார். நூறு சைக்கிளும் ஒரே நேரத்தில் ஒரு கேட்டுக்கு வந்தால் முட்டிக்கொள்ளும். பவர் பெருக்கும் பெட்டிதான் அந்த கேட். சில கணங்களில் எல்லாம் சேர்ந்து ஒரேயடியாக வரும்போது அது நசுக்கி அனுப்பிவிடும். நசுங்கிய மூட்டையிலிருந்து சிந்தியதுதான் பக்கத்து வீட்டுப் பெல்லைக் கத்த வைத்தது. கேட் அகலமாகத் தெரிய வேண்டுமென்றால் கூட்டத்தைக் குறைக்க வேண்டும். லாரி முறைக்கு அந்தத் தொல்லை இல்லை, ஒரே வண்டி, கேட்டை உரசிக்கொண்டுகூடப் போய்விடும். அதனால்தான் ஊசி முட்ட விட்டபோது டிஷ் முறையில் நெற்றியாவது வந்தது. "நான் எத்தன தடவ கேட்டேன், பவர் இருக்கான்னு. ஒத்தக் க்ளிக்குதான் வந்துச்சு. இம்புட்டு இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று தலையில் அடித்துக்கொண்டார். அண்ணனிடம் அதைச் சொன்னபோது அவர் எழுதிய பதில்: கடைக்காரன் கம்மியா எப்படிப் போடுவான்?

ஞாயிற்றுக்கிழமை கல்லூரிக்காரர்கள் வேன் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அண்ணன் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, கருவியைப் போட்டுக் காட்டி, டீச்சரோடு பேச வைத்து, கிளப்புக்கு ஒரு பழைய ஆன்டெனாவும் கல்லூரித் தோட்டத்துக்கு ஒரு மூட்டை மண்புழு உரமும் கொடுத்து அனுப்பினார். கருவி ஏன் கிடைக்கவில்லை என்று அவர்கள் கேட்கவில்லை. பார்த்தவர்களுக்குக் கேட்கத் தோன்றியிருக்காது.

அதற்கப்புறம் நான் மதுரையில் அதிக நாள் இல்லை. கயத்தாறு பக்கம் காற்றாலைகளில் வேலை கிடைத்தது, போய்விட்டேன். அங்கிருந்து எங்கெங்கோ. இப்போதும் தெற்கே போகும்போது திருமங்கலத்தில் இறங்கி அண்ணன் கடையில் ஒரு நாள் தங்குவேன். அவருக்குத் திரும்பவும் ஒருமுறை ஆஸ்பத்திரி, திரும்பவும் பிழைத்தார், இளைத்திருக்கிறார். டீச்சருக்கு மாடிப்படி ஏற முடியவில்லை, கருவிகளைக் கீழ் அறைக்கு இறக்கிவிட்டார்கள். காலைப் பேச்சு நடக்கிறது. ஒரு பக்கம் குரல், ஒரு பக்கம் பலகை. நாகமலையைப் பார்க்கிற மாதிரி ஆன்டெனா வைத்துக்கொண்டு இன்னும் சிலர் அந்தப் படத்தைப் பிடிக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அண்ணன் ஒரு காலத்தில் வாயால் பேசியது தெரியாது. அவர்களுக்கு அவர் கையெழுத்துதான் அவர்.

போன முறை நான் அங்கே இருந்தபோது, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து புதிதாக லைசென்ஸ் வாங்கிய ஒரு பொண்ணு பேச்சில் வந்தது. மரியாதையாகத் தன்னைச் சொல்லிக்கொண்டு, சிக்னல் எப்படி என்று சொல்லி முடித்துவிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கே உள்ள தைரியத்தோடு கேட்டது. "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி உங்க குரல் எப்படி சார் இருக்கும்? ஓவர்."

அண்ணன் சாக்பீஸை எடுத்தார். யோசிக்கவே இல்லை. எழுதித் தூக்கிப் பிடித்தார்: டீச்சர் குரலை விட நல்லா இருக்கும்.

டிஜிட்டல் படம் சுருட்டி மடித்து அனுப்பப்படுவதால் போய்ச் சேரவும் அங்கே பிரியவும் இரண்டு மூச்சு இழுத்து விடும் நேரம் பிடிக்கும். எந்த முறையில் அனுப்பினாலும் அந்தத் தாமதம் உண்டு. பலகையைக் காட்டிவிட்டு அண்ணன் காத்திருக்கவில்லை. படம் நாகமலையில் பட்டுத் திரும்பிப் போய்ச் சேர்ந்து, முதலில் அந்தப் பொண்ணும் பிறகு இருமலோடு டீச்சரும் ரேடியோவில் சிரிப்பது எங்களுக்குக் கேட்டபோது, அவர் பலகையைத் துடைத்துவிட்டு அடுத்த வரியின் பாதிக்கு வந்திருந்தார்.